புது ஏர் ரைஃபிளை முதல் நாள் ரேஞ்சில் சோதிப்பது எப்படி?

போன மாதம் அக்கா மகளுக்குப் புது ரைஃபிள் வந்தது. பத்து மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ரைஃபிள், அடியில் காற்று சிலிண்டர் பொருத்தியது. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட பழைய கட்டடத்தில் மூன்று லேன் (ஆளுக்கு ஒன்றாகச் சுடும் தடம்) வைத்துப் பழகுகிறோம், அதுதான் எங்கள் ரேஞ்ச். பெட்டியைத் திறந்ததுமே அவள் கேட்டது: "மாமா, சைட்டை எப்போ திருப்பலாம்?"

சைட் என்பது குறிபார்க்க ரைஃபிளின் மேல் இருக்கும் கருவி; அதைத் திருப்பினால் குண்டு படும் இடம் நகரும். "கடைசியா" என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனால் முதல் நாளில் தெரிந்துகொள்ள வேண்டியது, ரைஃபிள் ஒரே இடத்தில் சுடுகிறதா என்பதுதான். அந்த இடம் மையமா, ஓரமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அன்று நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழாய், 20 ஜூல் அளவைத் தாண்டாத ஆற்றல் என்றால் இந்தியாவில் உரிமம் வேண்டாம். போட்டி ரைஃபிள்கள் பெரும்பாலும் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். வாங்கிய பில்லை மட்டும் பெட்டியிலேயே வையுங்கள். வழியில் யாராவது கேட்டால் காட்டலாம். செமி ஆட்டோமேட்டிக் .22 போன்ற தோட்டாத் துப்பாக்கி என்றால் கதையே வேறு. உரிமமும், பக்கத்திலேயே நிற்கும் ரேஞ்ச் அதிகாரியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஏர் ரைஃபிளை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பறவையையோ குரங்கையோ குறிபார்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வெறும் காகிதம் இல்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் காட்டு மாடு வந்து நின்றால் பெல்லட்டை (ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டு) எடுத்துவிட்டு, ரைஃபிளைக் கீழே வைத்து, அது போகும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருப்போம்.

பெட்டியைத் திறந்ததும்

குளிர்ந்த ஜீப்பிலிருந்து இறக்கிய ரைஃபிளைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்து உடனே சுடாதீர்கள். இரும்பின் மேல் பனித்துளி படிந்துவிடும். அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் சேஃப்டி ஃபிளாக் குழாய் முழுக்க ஓடுகிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் நீளமான நரம்பு மாதிரி இருக்கும். அதன் நுனி முன்பக்கம் எட்டிப் பார்த்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். குழாயின் வாய் எப்போதும் குறி இருக்கும் சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும். சுடும் நொடிவரை விரல் ட்ரிகருக்கு வெளியே. லேனில் யாராவது முன்னே போனால் எல்லா ரைஃபிளும் ஃபிளாக் போட்டுக் கீழே வைக்கப்பட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து திருகுகள். ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டைப் பகுதி), பின் சைட், முன் சைட் மூன்றையும் சரியான அளவு ஆலன் கீ வைத்துத் தொட்டுப் பாருங்கள். முறுக்கி நெரிக்க வேண்டாம், தளர்வாக இல்லையென்றால் போதும். ஆரம்பித்த வருஷம் ஒரு மாலை முழுக்க நான் சைட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு குண்டு வலப்பக்கம் போகும், அடுத்தது மேலே போகும், ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டு கிளிக் (சைட் குமிழின் ஒரு படி) திருப்புவேன். ஒரு பெல்லட் டப்பாவில் பாதி காலியானது. கடைசியில் பார்த்தால் பின் சைட்டைப் பிடித்திருக்கும் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து ஆலன் கீ எடுக்காமல் நான் ரேஞ்சுக்குள் நுழைவதில்லை.

சிலிண்டரும் மலைக் குளிரும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீலகிரியில் புதிதாக வருபவர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 200 பார் (அழுத்தத்தின் அளவு) காட்டிய சிலிண்டர், மலையேறி 10 டிகிரி குளிரில் 184 பார் அளவுக்கு இறங்கியிருக்கும். காற்று கசியவில்லை. குளிர்ந்த காற்றின் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். கசிவா என்று தெரிய வேண்டுமானால் அதே அறையில் ஒரு இரவு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் மீட்டரைப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கம்தான் ஆபத்து. டிசம்பர் காலையில் இங்கே 200 வரை முட்ட நிரப்பி, அப்படியே கோவைக்குப் போட்டிக்கு எடுத்துப் போனால் 218 வரை ஏறலாம். மூடிய கார் வெயிலில் நின்றால் இன்னும் ஏறும். அதனால் கீழே போகிற நாளில் 170, 180 பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைப் பம்ப்பில் நிரப்பினால் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். ஜூலை மூடுபனியில் பம்ப் அடித்தால் காற்றோடு தண்ணீரும் உள்ளே போகும், உள்ளே துருப் பிடிக்கும். நாங்கள் காய்ந்த காற்று அடைத்த பெரிய சிலிண்டரைக் கீழேயிருந்து வாங்கி வந்து, அதிலிருந்து மெதுவாக நிரப்புகிறோம். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள், வெடித்துவிடும். நிரப்பும் மூக்கில் சாதாரண எண்ணெயும் படக்கூடாது. சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்துக் குறித்து வையுங்கள்; தயாரிப்பாளர் சொன்ன காலம் முடிந்தால் மாற்றிவிட வேண்டும்.

சுட ஆரம்பிக்கலாம்

புதுக் குழாயில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ரைஃபிளோடு வந்த கையேடு சொல்கிறபடி ஃபெல்ட் துண்டுகளை விட்டுத் துடையுங்கள். முதல் 20 பெல்லட்டை வெற்று அட்டையில் சுட்டுவிடுங்கள், அவை கணக்கில் வேண்டாம். அதற்கு முன்பே, பெல்லட் இல்லாமல் ட்ரை ஃபயரில் ட்ரிகரை நன்றாகப் பழகுங்கள். முதல் கட்டம் எங்கே முடிகிறது, விரல் எங்கே தட்டி நிற்கிறது என்று கைக்குப் புரிய வேண்டும்.

இப்போது மேஜை மேல் மணல் பை. ரைஃபிளின் முன் கட்டையைப் பையில் வையுங்கள். குழாயோ சிலிண்டரோ பையைத் தொடக்கூடாது. உட்கார்ந்து, கன்னத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்து, ஒரே அட்டையில் ஐந்து சுடுங்கள். நடுவில் சைட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு குண்டும் எங்கே போனது என்று தொலைநோக்கி வைத்துப் பார்க்கவும் வேண்டாம், மனசு சும்மா இருக்காது.

பாப்பா மூன்றாவது குண்டிலேயே பொறுமை இழந்துவிட்டாள். "எல்லாமே இடது பக்கம் போகுது மாமா, திருப்பட்டுமா?" நான் "இன்னும் ரெண்டு இருக்கு, சுடு" என்றேன். ஐந்தும் முடிந்து அட்டையை எடுத்து வந்தோம். ஏழாம் வளையத்தில், இடப்பக்கம் கீழே, ஒரே ஓட்டை. ஓரம் மூன்று இதழ் மாதிரி கிழிந்திருந்தது. சுண்டுவிரல் நகம் வைத்தால் மூடிவிடும். அவளுக்கு ஏமாற்றம். எனக்கோ அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ரைஃபிள் நன்றாக இருக்கிறது, பிடித்த கையும் நன்றாக இருக்கிறது, சைட் மட்டும்தான் பாக்கி.

ஐந்தும் சிதறிப் போயிருந்தால்? அப்போதும் சைட்டைத் திருப்பக்கூடாது. திருகுகள், காற்று அழுத்தம், கன்னம் வைக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு பெல்லட்டை மாற்றுங்கள். தட்டையான தலை, 0.53 கிராம் என்பது ரைஃபிளுக்கு வழக்கமானது. தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு அளவுதான் பிடிக்கும். ஆர்டபிள்யூஎஸ், ஹெச் அண்டு என் போன்ற கம்பெனிகளின் பெல்லட்டில் இரண்டு மூன்று வகை டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக மூன்று அட்டை சுட்டு, ஓட்டையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து அட்டையின் பின்னால் எழுதுங்கள். எதில் ஓட்டை சின்னதோ அதுதான் உங்கள் பெல்லட். பெரிய போட்டி ரைஃபிள்களோடு தொழிற்சாலையில் சுட்ட அட்டை ஒன்று வரும். அது இறுக்கிப் பிடித்த இயந்திரத்தில் சுட்டது, அதோடு உங்கள் கையை ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

கடைசியாக சைட்

சைட்டில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறியும் எழுத்தும் இருக்கும். ஆனால் சில ஐரோப்பிய சைட்டுகளில் அந்த எழுத்து, குண்டு எந்தப் பக்கம் விலகிப் போகிறது என்பதைச் சொல்லும். வேறு சிலவற்றில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைச் சொல்லும். நம்பாமல் சோதியுங்கள். வலப்பக்கம் பத்து கிளிக் திருப்பி ஐந்து சுடுங்கள். பழைய ஓட்டையின் நடுவிலிருந்து புது ஓட்டையின் நடுவரை அளந்து பத்தால் வகுங்கள். எங்களுக்கு 3 மி.மீ. நகர்ந்தது, அதாவது ஒரு கிளிக்குக்கு 0.3 மி.மீ. இனிக் குத்துமதிப்பே வேண்டாம். மேலே கீழேயும் இதே மாதிரிதான்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், போட்டி அட்டையில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. வளையத்துக்கு வளையம் ஆரம் 2.5 மி.மீ. கூடும். நம் பெல்லட்டின் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். எட்டு ஒன்பது கிளிக் தவறினால் பத்து போய்விடும். கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுகிற போட்டி இதுதான் என்று பாப்பாவிடம் சொன்னேன், அதற்கப்புறம் கணக்கை அவளே போட்டாள்.

முன் சைட் வளையம் ரொம்பச் சின்னதாக வேண்டாம். கறுப்பு வட்டத்தைச் சுற்றி நன்றாக வெள்ளை தெரிய வேண்டும். இங்கே மேகம் வந்து ஜன்னலை மூடும்போது சின்ன வளையத்தில் கறுப்பு கரைந்துவிடும், கண் சீக்கிரம் களைத்துவிடும்.

மணல் பையில் மையம் வந்தபிறகு எழுந்து நின்று சுடுங்கள். நின்று சுடும்போது இடம் கொஞ்சம் மாறும், அதற்கு இரண்டு மூன்று கிளிக் போதும். கிளிக் எண்ணிக்கை, பெல்லட் டப்பாவில் இருக்கும் லாட் எண் (எந்தத் தொகுப்பில் செய்தது என்ற எண்), அழுத்தம், அன்றைய குளிர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும், பெல்லட் ஈயம்.

வீட்டுக்கு வந்ததும் ரைஃபிளை மூடிய ஸ்பாஞ்சுப் பெட்டிக்குள் உடனே அடைக்காதீர்கள். ஈரமில்லாத துணியால் கைபட்ட இடமெல்லாம் துடைத்து, இரும்புப் பாகத்தில் மட்டும் மெல்லிசாக எண்ணெய் தடவி, பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பைகளை வாரம் ஒருமுறை அடுப்போரம் வைத்துக் காயவைத்து எடுங்கள்.