நெய்த துணியில் டாப் தைப்பது: கழுத்தில்தான் இருக்கிறது வேலை

பனியன் துணி உடம்புக்கு ஏற்ப இழுபடும். நெய்த துணி இழுபடாது. ஆகவே தலைவழியாகப் போடும் டாப்பில் லூஸ் கட்டாயம். மார்புச் சுற்று 92 செ.மீ. என்றால் தைத்து முடித்த டாப் 100 முதல் 104 செ.மீ. வரை இருக்கட்டும். வித்தியாசம் 5 செ.மீ.க்குக் கீழே போனால் கையைத் தூக்கும்போது முதுகில் பிடிக்கும். பேட்டர்னில், அதாவது துணியை வெட்ட வழிகாட்டும் தாள் வடிவத்தில், உடம்பின் அளவு, முடிந்த உடையின் அளவு என இரண்டும் கொடுத்திருந்தால் இரண்டையும் பாருங்கள். ரெடிமேட் உடையின் சைஸ் எண் இங்கே உதவாது.

பேட்டர்னை வீட்டில் பிரிண்ட் எடுத்தால் அதிலுள்ள சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்துவிட்டே தாள்களை ஒட்டுங்கள். 5 செ.மீ. இருக்க வேண்டியது 4.8 என்று வந்தால் 100 செ.மீ. டாப் 96 ஆகிவிடும். பிரிண்டர் செட்டிங்கை 100 சதவீதத்தில் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

முதல் டாப்புக்கு நடுத்தர கனமுள்ள காட்டன் நல்லது. வழுக்கும் ரேயானும் ஜார்ஜெட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குட்டைக் கை டாப்புக்கு 110 செ.மீ. அகலத் துணியில் சுமார் 2 மீட்டர் வேண்டும். வெட்டுவதற்கு முன் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும், 65 செ.மீ. நீள டாப்பில் அது 2, 3 செ.மீ.

பேட்டர்னில் உள்ள நீண்ட அம்புக்குறி பாவு நூலின், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலின், திசையைக் காட்டுகிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் துணியின் கரை வரை அளந்தால் ஒரே தூரம் வர வேண்டும். கண்ணளவில் வைத்து வெட்டிய டாப், சில துவையல்களுக்குப் பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி நிற்கும். அதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. மடிப்பில் வைக்க வேண்டிய ஓரத்தை மாற்றி வைத்தால் முன்பாகம் இரண்டு துண்டாகிவிடும்; இது அடிக்கடி நடக்கிற தவறு. மார்ஜின், அதாவது தையலுக்கு வெளியே ஓரத்தில் விடும் துணி, பேட்டர்னிலேயே சேர்ந்திருக்கிறதா, நாம் விட வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைவளைவில் ஒற்றை வெட்டுக்குறி பெரும்பாலும் முன்பக்கம், இரட்டை பின்பக்கம்.

சாதாரண காட்டனுக்கு 80 எண் ஊசி, மெல்லிய வாயில் துணிக்கு 70, லினனுக்கு 90. தையல் நீளம் 2.5 மி.மீ.

இனி கழுத்து. இழுபடாத துணிதான், ஆனால் வளைவாக வெட்டிய இடத்தில் இழைகள் குறுக்குவாட்டமாக நிற்பதால் அங்கே மட்டும் நன்றாகவே இழுபடும். வெட்டிய துண்டைத் தூக்கிப் பிடித்தாலே போதும், கழுத்து விரிந்துவிடும். தைத்த பிறகு கழுத்து தொளதொளவென்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எனவே வேறு எதையும் தொடும் முன், 1.5 செ.மீ. மார்ஜின் என்றால் ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. தள்ளி, ஒற்றைத் துணியிலேயே ஒரு தையல் ஓட்டுங்கள். தோளிலிருந்து நடு வரை, பிறகு அடுத்த தோளிலிருந்து நடு வரை. தலை நுழையுமா என்பதையும் இப்போதே பாருங்கள்: கழுத்தின் தையல் கோடு தலைச் சுற்றைவிட 2, 3 செ.மீ. கூடுதலாக இல்லையென்றால் பின்னால் திறப்பு வேண்டும்.

மார்பு டார்ட்டை (உடம்பின் வடிவத்துக்காக முனை கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) அகலமான பக்கத்திலிருந்து முனை நோக்கித் தைத்து, முனையில் ரிவர்ஸ் அடிக்காமல் நூலை விட்டு முடிச்சுப் போடுங்கள். ரிவர்ஸ் அடித்தால் அங்கே குழி விழும். அடுத்து தோள்களை இணையுங்கள்.

கழுத்துக்கு 4 செ.மீ. அகலத்தில், துணியின் கரைக்கு 45 டிகிரி சாய்வில் வெட்டிய பட்டி, அதாவது கிராஸ் பீஸ் வேண்டும். நேராக வெட்டிய பட்டி உள்ளே மடியும்போது பெரிய வட்டத்துக்கு விரியாமல் சுருங்கி நிற்கும். கழுத்து 60 செ.மீ. என்றால் பட்டியின் தையல் நீளம் 58 இருக்கட்டும். லேசாக இழுத்தபடி, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்துத் தையுங்கள். அதிகம் இழுத்தால் கழுத்தே சுருக்கிக்கொள்ளும். தைத்ததும் மார்ஜினை 6 மி.மீ. ஆக வெட்டி, தையலைத் தொடாமல் 1.5 செ.மீ.க்கு ஒரு சிறு வெட்டு கொடுங்கள். பட்டியையும் மார்ஜினையும் ஒரே பக்கம் தள்ளி, பட்டியின் மேல், தையலிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு தையல் போடுங்கள். பலர் விட்டுவிடுகிற படி இது. விட்டால் பட்டி வெளியே எட்டிப் பார்க்கும். கடைசியாக ஓரத்தை மடித்து, உள்ளே திருப்பி, இஸ்திரி போட்டுத் தையுங்கள்.

கையைப் பக்கத் தையலுக்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது பொருத்துவது சுலபம். கையின் மேல் வளைவு கைவளைவைவிடச் சற்று நீளமாக இருக்கும். கைத் துண்டைக் கீழே வைத்துத் தைத்தால் மெஷினின் பற்கள் அந்தக் கூடுதலை இழுத்துக்கொள்ளும். பிறகு கை ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை பக்கத்தை ஒரே ஓட்டமாகத் தைத்து, ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் அடியுங்கள்.

கீழ் ஓரம் வளைவாக இருந்தால் மொத்தம் 1 செ.மீ.க்கு மேல் மடிக்க வேண்டாம். ஓரத்தில் நீளத் தையல் ஒன்று போட்டு நூலை லேசாக இழுத்தால் வளைவில் மிஞ்சும் துணி அடங்கும். அதன் பின் இருமுறை மடித்துத் தைக்கலாம்.