‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லி விற்றால் குற்றமில்லையா? புதிதாகச் சரக்கு எடுத்து விற்பவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

இன்ஸ்டாகிராமில் வாட்ச், ஷூ, ஹெட்செட் விற்கத் தொடங்கும் பலரிடமும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ (பிராண்டுப் பொருளை அச்சாகப் பார்த்துச் செய்த போலி) பற்றி ஒரு நம்பிக்கை இருக்கிறது: “ஒரிஜினல்னு பொய் சொல்லி வித்தாத்தானே தப்பு? நான் ஃபர்ஸ்ட் காப்பின்னு போட்டுத்தான் விக்கிறேன். வாங்குறவருக்கும் தெரியும்.” இது தவறு. வழக்கு என்று வந்தால் அந்த ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற சொல்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. காரணம் 3ஆம் படியில் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு, கடை உரிமம் போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சட்டம், எவ்வளவு தண்டனை

முதலில் வருவது வர்த்தகக் குறிகள் சட்டம், 1999. போலிக் குறியைப் பொருளில் ஒட்டுவது 103ஆம் பிரிவு. அப்படி ஒட்டிய பொருளை விற்பது 104ஆம் பிரிவு. இரண்டுக்கும் ஒரே தண்டனைதான்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தீர்ப்பிலேயே தனிக் காரணம் எழுதினால்தான் நீதிபதி இந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியும். இரண்டாம் முறை தண்டனை பெற்றால் (105ஆம் பிரிவு) ஓர் ஆண்டுச் சிறையும் 1 லட்சம் அபராதமும் குறைந்தபட்சம்.

104ஆம் பிரிவின் சொற்களைக் கவனியுங்கள். விற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விற்பனைக்காக அடுக்கி வைத்திருந்தாலும், விற்பதற்காகக் கையிருப்பில் வைத்திருந்தாலும் போதும். வாங்கியவர் ஏமாந்திருக்க வேண்டும் என்றும் அதில் இல்லை. “வாங்குறவருக்குத் தெரியும்” என்ற சமாதானம் இங்கேயே செல்லாமல் போகிறது.

இரண்டாவது பதிப்புரிமைச் சட்டம், 1957. டப்பாவில் இருக்கும் படமும் வடிவமைப்பும் கலைப்படைப்பாகக் கருதப்படுவதால் போலிப் பெட்டிக்கு 63ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். இதிலும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரைதான். நடைமுறையில்தான் பெரிய வித்தியாசம். வர்த்தகக் குறிகள் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட டி.எஸ்.பி. தகுதியுள்ள அதிகாரி வேண்டும். அவரும் வர்த்தகக் குறிகள் பதிவாளரின் கருத்தைக் கேட்ட பிறகே வர வேண்டும். பதிப்புரிமையில் சப்-இன்ஸ்பெக்டரே வந்து சரக்கை அள்ளிக்கொண்டு போகலாம். 63ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத வகை (தருவதா என்று நீதிமன்றம்தான் முடிவு செய்யும்) என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரிஜினல் என்று சொல்லிப் போலியைக் கொடுத்தால் மூன்றாவதாக மோசடியும் சேரும். 2024 ஜூலை 1 முதல் பழைய 420க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) வந்துவிட்டது. 7 ஆண்டு வரை சிறை.

பொருளைப் பொறுத்துத் தனிச் சட்டங்களும் உண்டு. உரிமம் இல்லாத ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சட்டம், 2016. போலி அழகுசாதனப் பொருளுக்கு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தில் போலி மருந்துக்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு, ஆயுள் வரை போகும். மருந்து, குழந்தை உணவு, பிரேக் பேட், ஹெல்மெட் ஆகிய நான்கிலும் ‘ரேட் கம்மி’ என்று சொல்லி வரும் எந்த லாட்டையும் தொடாதீர்கள். அங்கே பணம் மட்டும் போவதில்லை.

படி 2: விளம்பரத்தில் எழுதும் சொற்களைச் சரிசெய்யுங்கள்

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ குவாலிட்டி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘ரெப்ளிகா’ என்று நீங்கள் போட்ட பதிவுகளைத் தேடிப் பாருங்கள். பிராண்டின் குறி அந்தப் பொருளில் இருந்தால் பதிவை எடுத்தால் மட்டும் போதாது, பொருளையே விற்பதை நிறுத்த வேண்டும். சொல்லை மட்டும் அழித்துவிட்டு அதே வாட்சை விற்பதால் எந்தப் பயனும் இல்லை.

பிராண்டு பெயரை நியாயமாகப் பயன்படுத்த வழி இருக்கிறது. வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 30(2)(டி) பிரிவின்படி, உங்கள் பொருள் வேறொரு பொருளுக்கான உதிரியோ துணைப்பொருளோ என்றால், அதைத் தெரியப்படுத்தத் தேவையான அளவுக்கு அந்தப் பெயரைச் சொல்லலாம். ‘சாம்சங் சார்ஜர்’ என்று எழுதாதீர்கள். ‘சாம்சங் போன்களுக்குப் பொருந்தும் சார்ஜர், தயாரிப்பு: இன்னார்’ என்று எழுதுங்கள். லோகோ வேண்டாம், அந்த நிறுவனத்தின் நிறமும் எழுத்துருவும் வேண்டாம். உங்கள் தயாரிப்பாளர் பெயர் பெரிதாகவும் பொருந்தும் மாடலின் பெயர் சிறிதாகவும் இருக்கட்டும்.

காலி டப்பா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் கம்பெனியின் பழைய டின்னில், பெட்டியில் வேறு சரக்கை நிரப்பினால் 102ஆம் பிரிவின்படி அதுவும் போலிக் குறி இடுவதுதான். டின் ஒரிஜினல் என்பது உங்களைக் காப்பாற்றாது.

படி 3: பில். இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள்

சாதாரணக் குற்ற வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. 104ஆம் பிரிவில் போலிச் சரக்கு உங்கள் கடையில் இருந்தது என்று அவர்கள் காட்டிவிட்டால், அதன்பின் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சட்டம் மூன்று பதில்களைக் குறிப்பிடுகிறது. நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன், சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லை என்பது ஒன்று. சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டபோது எனக்குத் தெரிந்த அனைத்தையும் சொன்னேன் என்பது இன்னொன்று. வேறு வகையில் கள்ளமில்லாமல் நடந்துகொண்டேன் என்பது மூன்றாவது.

இப்போது ‘ஃபர்ஸ்ட் காப்பி’க்குத் திரும்புங்கள். “சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லை” என்று அப்படி எழுதி விற்றவர் எப்படிச் சொல்வார்? தெரிந்தேதான் விற்றேன் என்பதைத் தன் கைப்படவே எழுதி வைத்துவிட்டாரே.

உண்மையிலேயே தெரியாமல் வாங்கியவர் தப்பிக்க முடியும். ஆனால் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயர் இருக்காது, இருந்தாலும் ஜி.எஸ்.டி. எண் இருக்காது. சரியான பில்லே வாங்கியவர்களுக்கும் ஒரு குழி இருக்கிறது: ‘மொபைல் ஆக்சஸரிஸ் – 50 பீஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த 50 பீஸ்தான் இந்தப் பெட்டிகள் என்று நீதிமன்றத்தில் எப்படிக் காட்டுவீர்கள்? போலி விற்கும் ஹோல்சேல்காரர் தெரிந்தேதான் இப்படிப் பொதுவாக எழுதுகிறார். பிராண்டு பெயரை எழுதித் தர மறுக்கிறார் என்றால் சரக்கைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பில்லில் இருக்க வேண்டியவை: விற்பவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், தேதி, பிராண்டு, மாடல், எண்ணிக்கை, முடிந்தால் பேட்ச் அல்லது சீரியல் எண். அந்த ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தின் வரி செலுத்துவோர் தேடலில் போட்டுப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, பெயர் பொருந்துகிறதா, பதிவு எப்போது எடுத்தார் என்று தெரியும். இரண்டு நிமிட வேலை, காசும் கிடையாது. அந்தப் பக்கத்தைத் தேதியோடு பி.டி.எஃப். ஆக எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். ‘நியாயமான முன்னெச்சரிக்கை’ என்று பிறகு நீங்கள் காட்டப்போவது இந்தக் காகிதத்தைத்தான்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பில்லில் உள்ள அதே பெயரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். “அண்ணன் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க தம்பி” என்றால் சம்மதிக்காதீர்கள். ஆவணங்களைச் சேமிக்க வாட்ஸப்பை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. போன் மாறினால் போய்விடும், மறையும் செய்தி வசதி இருந்தால் தானே அழிந்துவிடும். பில், ஸ்கிரீன்ஷாட், சரக்கு வந்த அன்று எடுத்த படம் எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். உரையாடல் இருக்கும் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். மூலக் கருவி கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

படி 4: சரக்கு இறங்கும்போது சோதனை

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று வரும். எண் உண்மையானதாக இருந்து பொருள் வேறாக இருப்பதும் நடக்கும். ஆகவே பச்சை டிக்கைப் பார்த்ததோடு நிறுத்தாமல் விவரத்தை முழுதாகப் படியுங்கள்.

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, உற்பத்தி நாடு, மாதம்-ஆண்டு, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்கிறதா? வெளிநாட்டுப் பொருளில் இந்திய இறக்குமதியாளர் பெயரே இல்லை என்றால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள். ஒரே லாட்டில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சீரியல் எண் அச்சாகியிருந்தாலும் அப்படியே.

படி 5: சந்தேகம் வந்துவிட்டது

அந்த நிமிடமே விற்பதை நிறுத்துங்கள். சந்தேகம் வந்த பிறகு விற்கும் ஒவ்வொரு பீஸும் தெரிந்தே விற்றதுதான். “போட்ட காசையாவது எடுத்துடலாம்” என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. மீதியைத் தனிப் பெட்டியில் போட்டு, எண்ணி, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள். சப்ளையருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், பிராண்டு நிறுவனத்துக்கும் எழுதி உண்மைத்தன்மையைக் கேளுங்கள். வாங்கிப் போனவர்களை அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆன்லைன் தளத்தில் விற்பவர் போலிப் பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன.

படி 6: நோட்டீஸோ சோதனையோ வந்தால்

வக்கீல் நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாதீர்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த தேதி முதல் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. உரிமையியல் வழக்கும் வரலாம். பிராண்டு நிறுவனம் தான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு இடம் தருகிறது. மதுரையில் இருப்பவர் டெல்லிக்கு வக்கீல் வைக்க நேரும். டெல்லி உயர் நீதிமன்றம் நியமித்த ஆணையர் கடைக்கே வந்து சரக்கை எண்ணி சீல் வைத்து, அதை உங்கள் பொறுப்பிலேயே விட்டுப் போவதுண்டு. அந்த சீலை உடைத்தால் அது தனியாக நீதிமன்ற உத்தரவை மீறிய குற்றம்.

போலீஸ் சோதனை என்றால் தடுக்காதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். மகஜரில் (கைப்பற்றிய சரக்கைப் பதியும் ஆவணம்) எழுதும் எண்ணிக்கையை நீங்களும் கூடவே எண்ணுங்கள். ஒரிஜினல் சரக்கையும் சேர்த்து அள்ளினால் அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். பிடித்த நாளிலிருந்து 15 நாளுக்குள் சரக்கைத் திருப்பிக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பலர் ஜாமீன் அலைச்சலில் இந்தக் கெடுவைத் தவற விடுகிறார்கள். சப்ளையர் யார் என்று கேட்டால் மறைக்காதீர்கள். ‘பாவம், நமக்குத் தெரிஞ்சவர்’ என்று காப்பாற்றப் போனால், 3ஆம் படியில் சொன்ன இரண்டாவது பதில் கையை விட்டுப் போய்விடும்.

பிராண்டோடு சமரசம் ஆனாலும் குற்ற வழக்கு தானாக முடிவதில்லை. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட வேண்டும்.

படி 7: வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால்

புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், தான் வசிக்கும் மாவட்டத்திலேயே அவர் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததும் 30 நாளில் பதில் போட வேண்டும், கூடுதலாக 15 நாள் மட்டும் கேட்கலாம். 46ஆம் நாள் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாவிட்டால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை வரலாம்.

போலிப் பொருளால் காயம் ஏற்பட்டால் நுகர்வோர் சட்டத்தின் 91ஆம் பிரிவு வருகிறது. சாதாரணக் காயத்துக்கு ஓர் ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும். கொடுங்காயத்துக்கு 7 ஆண்டும் 5 லட்சமும். உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. 150 ரூபாய் சார்ஜர் தலையணை ஓரத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு லாட் எடுங்கள்.

பின்சேர்ப்பு: திருப்பூர் சர்ப்ளஸ்

“கம்பெனியே தைத்த ஒரிஜினல் பனியன், ஆர்டர் கேன்சல் ஆன சரக்கு. இதுவும் போலியா?” என்பது அடிக்கடி வரும் கேள்வி. துணி ஒரிஜினலாக இருக்கலாம். ஆனால் பிராண்டு தானே சந்தைக்கு விட்ட சரக்கை, அல்லது அதன் சம்மதத்தோடு சந்தைக்கு வந்த சரக்கை மறுவிற்பனை செய்பவருக்குத்தான் வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 30(3) பிரிவின் பாதுகாப்பு. நிராகரித்த லாட்டை லேபிளோடு வெளியே விட பிராண்டு சம்மதித்ததா என்பதற்கு உங்களிடம் எழுத்து ஏதும் இருக்காது. சம்மதம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் விழும்.

அதனால் கழுத்து லேபிள், டேக், மார்பில் இருக்கும் லோகோ மூன்றும் நீங்கிய லாட்டை மட்டும் எடுங்கள். கழுத்து லேபிளை மட்டும் வெட்டிவிட்டு மார்பில் எம்ப்ராய்டரி லோகோவை விட்டுவைத்த சரக்கு நிறைய வருகிறது, அது வேண்டாம். விற்கும்போது ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், பருத்தி, இத்தனை ஜி.எஸ்.எம்.’ (துணியின் கனத்தைச் சொல்லும் அளவு) என்று மட்டும் எழுதுங்கள். “எந்த பிராண்டுக்குத் தச்சது அண்ணா?” என்று இன்பாக்ஸில் கேட்பார்கள். அங்கேயும் பிராண்டு பெயரைச் சொல்ல வேண்டாம், அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் அவர்கள் போனிலும் இருக்கும்.