ஒடிந்த நாற்காலிக்கு மாற்றுக் கால்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பர்மா தேக்கு நாற்காலியில் பின்கால் ஒடிந்து வந்தால் பல பட்டறைகளில் நடப்பது ஒன்றுதான். ஒடிந்த காலைப் புதுப் பலகை மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, அறுத்துவிடுவார்கள். மாட்டிப் பார்த்தால் நாற்காலி ஆடும். பழி மரத்தின் மேல் விழும்.

ஒடிந்த காலை நம்பி அளவெடுப்பதுதான் முதல் தவறு. தரையில் இழுபட்டும், வீடு கழுவும் தண்ணீரில் ஊறியும் அதன் அடி தேய்ந்திருக்கும். ஒடிந்த இடத்தில் சில்லுகள் உதிர்ந்திருப்பதால், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தாலும் பழைய நீளம் வராது. பென்சில் கோடும் விளிம்புக்கு வெளியே தள்ளித்தான் விழும். அதனால் ஒடியாத மறுகாலில் அளவெடுங்கள். சட்டங்கள் வந்து சேரும் இடங்களை நாற்காலியிலேயே பாருங்கள். கோட்டைக் கூரான கத்தியால் கீறுங்கள்.

எண்ணாக எழுதிக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை அங்குலத்திலும் நூலிலும் செய்தவை. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.175 மி.மீ. அதை 3 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே அங்குலத்தில் 1.4 மி.மீ. காணாமல் போகும். கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் முனை, லொடலொடக்க அது போதும். ஒரு நேரான ரீப்பரை (மெல்லிய மரச் சட்டத்தை) நல்ல காலோடு சேர்த்துப் பிடித்து, எல்லா இடங்களையும் அதிலேயே குறித்து, அப்படியே புது மரத்துக்கு மாற்றுவது எவ்வளவோ மேல். அங்கே படித்துத் தப்பாக எழுத எண்ணே இல்லை. முதுகுச் சாய்வில் கடைசல் குச்சிகள் நாலைந்து செய்ய வேண்டியிருந்தால், ஒவ்வொன்றையும் பழைய குச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது, மூன்றாவதைப் பார்த்து நான்காவது என்று போனால் தவறு வளர்ந்துகொண்டே போகும்.

பழைய கடைசல் உருப்படியை ஒரு பக்கம் மட்டும் அளக்கவும் கூடாது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்தது காலப்போக்கில் லேசான நீள்வட்டமாகியிருக்கும். காலிப்பரை (விட்டம் அளக்கும் கருவியை) திருப்பி வைத்து இரண்டு அளவு எடுங்கள்.

இடது, வலது மாறிப்போவதுதான் மனசு நோகும் தவறு. பின்கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். நல்ல காலை அப்படியே நகலெடுத்தால் துளைகள் தப்பான பக்கம் வந்துவிடும், நல்ல தேக்குக் கட்டை வீண். உளி எடுப்பதற்கு முன் கட்டையில் ‘வெளிப்பக்கம்’, ‘முன்பக்கம்’, ‘மேல்’ என்று எழுதிவிடுங்கள்.

மரம் எடுக்கும்போது ரேகையை, அதாவது நார் ஓடும் போக்கை, பார்க்காமல் விடுவார்கள். வளைந்த பின்காலை நேர்ரேகைப் பலகையில் வெட்டினால் வளைவில் நார் குறுக்கே அறுபடும், அடுத்த முறையும் அங்கேதான் ஒடியும். ரேகையே அந்த வளைவோடு ஓடுகிற பலகையைத் தேடி எடுப்பது நல்ல ஆசாரிகளின் பழக்கம். அதற்கு ஒரு வாரம் காத்திருந்தாலும் தப்பில்லை என்பேன். ஈரமும் முக்கியம். 10 அங்குல அகலத் தேக்குப் பலகை 20 சதவீத ஈரத்திலிருந்து 12-க்கு இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து ஒரு நூலுக்கு மேல்கூடச் சுருங்கும். கால் குறுகல்தான், ஆனால் கழுந்துக்கும் துளைக்கும் நடுவே அரை மி.மீ. போனாலே பிடிப்பு போய்விடும்.

கழுந்தைச் செதுக்கிவிட்டு அதற்கேற்பத் துளை போடுவது தலைகீழ் வேலை. துளையை முடித்துவிட்டு, கழுந்தை இழைத்து இழைத்துப் பொருத்த வேண்டும். கையால் அழுத்தி, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும். இரும்புச் சுத்தியலால் அறைந்தால் துளையின் பக்கம் பிளக்கும். தளர்ந்துவிட்டால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பார்கள். அது கொஞ்ச நாளைக்குத்தான். கழுந்தின் பக்கத்தில் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டி மறுபடி இழைப்பதே சரி. பழைய துளையில் காய்ந்த வச்சிரம் (அந்தக் காலத்து மரப் பசை) இருந்தால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டி, நன்றாக உலரவிடுங்கள். பழைய வச்சிரத்தின் மேல் போட்டால் புதுப் பசை மரத்தைப் பிடிக்காது.

பசை போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா மாட்டி, சமமான தரையில் வைத்து, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். கழுந்தில் உப்புத்தாள் போடாதீர்கள், பொருத்தம் கெடும்.

அப்புறம் நிறம். புதுத் தேக்கு வெளுத்துத் தெரிகிறதென்று அன்றைக்கே கறுப்புச் சாயம் ஏற்றிவிட வேண்டாம். வெளிச்சம் பட்டால் அது தானாகவே பழுப்பேறும். சில நாள் வெயில் காட்டிவிட்டு, எஞ்சிய வித்தியாசத்துக்கு மட்டும் பாலிஷில் நிறம் சேருங்கள்.