உப்பு சுடுவதில்லை: பனியும் ஐஸும் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். இருவரும் நன்றாகத் தயார் செய்திருந்தார்கள். தட்டுகளில் ஐஸ், கிண்ணங்களில் உப்பு, நூல், வண்ணத் தண்ணீர் என்று எல்லாம் இருந்தது. குழந்தைகளும் குதூகலமாக இருந்தார்கள். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தரை ஈரமாகும், துணி வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே ஐஸ் உறைய வையுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை பட்டால் தானாக வந்துவிடும். செய்த பிறகும் செய்தது தெரியாமலே போகிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

எல்லாவற்றையும் ‘பனி’ என்று சொல்லிவிடுவது

நம் மொழியில் பனி என்ற ஒரு சொல் நிறைய வேலை செய்கிறது. விடியற்காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, மலை உச்சியில் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. ஒரு முறை பாடம் தொடங்கும் முன் ‘பனி என்றால் என்ன, வரையுங்கள்’ என்று சொன்னேன். பாதிப் பேர் இலையில் ஒரு துளியை வரைந்தார்கள். சிலர் தாளைச் சாம்பல் நிறத்தில் தேய்த்துக் கொடுத்தார்கள். ஒரு பையன் ஐஸ் தட்டை வரைந்தான். யாரும் தப்பாக வரையவில்லை. நான்தான் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொல்லாமல் தொடங்கியிருந்தேன்.

இப்போது முதல் வேலையாகச் சொற்களைப் பிரித்துப் பலகையில் எழுதிவிடுகிறேன். குளிர்ந்த பரப்பில் நீராவி தண்ணீராகப் படிந்தால் பனித்துளி. மிக நுண்ணிய நீர்த்துளிகள் தரையை ஒட்டிக் காற்றில் மிதந்தால் மூடுபனி. நீராவி தண்ணீராகாமல் நேராகவே ஐஸாகப் படிந்தால் உறைபனி. அதே மாதிரி மேகத்துக்குள் நீராவி நேராகப் படிந்து படிகமாக வளர்ந்து விழுந்தால் வெண்பனி. இடிமேகத்துக்குள் மேலும் கீழும் அலைந்து, ஐஸ் சேர்ந்து பருத்து விழுவது ஆலங்கட்டி. வெண்பனி என்பது உறைந்துபோன மழைத்துளி என்று பல ஆசிரியர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பட்டியலை எழுதும்போதே அது சரியாகிவிடும்.

எட்டுக் கை பனிப்படிகம்

தாளை மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுக் கை வரும். அதைத்தான் எல்லா வகுப்பறைச் சுவரிலும் பார்க்கிறேன். பனிப்படிகத்துக்கு ஆறு கை. ஐஸில் நீர் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் கோத்துக்கொள்வதால் வருவது இந்த ஆறு. ஏன் எப்போதும் ஆறு என்று 1611-லேயே வானியலாளர் யோஹன்னஸ் கெப்ளர் ஒரு சிறு நூலில் கேட்டுவிட்டார். மூலக்கூறு பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது.

வெட்டுவதற்கு முன் படங்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் விவசாயியாக இருந்த வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரி 15 அன்று நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து முதல் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் பத்தைக் காட்டினாலே குழந்தைகள் ஆறு என்று தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். அப்புறம் வட்டத்தாளைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பங்கும் 60 டிகிரி. கொஞ்சம் பெரிய வகுப்பு என்றால் நகாயா உகிச்சிரோவையும் சொல்லலாம். 1936-இல் ஜப்பானின் ஹொக்கைடோவில், முயல் முடியின் நுனியில் செயற்கையாகப் பனிப்படிகத்தை வளர்த்தவர். மைனஸ் 5 டிகிரி வாக்கில் ஊசி மாதிரியும், மைனஸ் 15 வாக்கில் நட்சத்திரம் மாதிரியும் படிகம் வளர்கிறது என்று கேட்டதும், ஊசி மாதிரி எப்படி வெட்டுவது என்று கேட்கிற குழந்தை ஒன்று எப்போதும் இருக்கும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்

அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். மைனஸ் 20 வரை காட்டும் ஆல்கஹால் தெர்மாமீட்டர் வாங்குங்கள்; பாதரசம் வேண்டாம்.

உப்பு சூடாக்குகிறது என்று நம்ப விடுவது

இதுதான் என்னை இன்னமும் உறுத்துகிற தவறு. சென்ற மாதம் அந்த இரண்டு வகுப்பிலும் இதே நடந்தது.

நூலால் ஐஸைத் தூக்கும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். ஈர நூலை ஐஸ் மேல் வைத்து, உப்பைத் தூவி, ஒரு நிமிடம் விட்டுத் தூக்கினால் ஐஸ் நூலோடு வந்துவிடும். குழந்தைகள் கைதட்டுவார்கள். ‘ஏன்?’ என்று கேட்பார்கள். ‘உப்பு போட்டால் ஐஸ் உருகும், அப்புறம் திரும்ப உறையும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

மறுநாள் ஒரு மாணவியின் நோட்டில் இருந்தது: ‘உப்பு சூடானது. அதனால் ஐஸ் உருகுகிறது.’ அவசரத்தில் நான் சரி போட்டுவிட்டேன். கையெழுத்து அழகாக இருந்தது, வாக்கியம் முழுமையாக இருந்தது, ஐஸ் உருகியதும் உண்மைதான். அந்தச் சரி எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதே மாணவி பெரிய வகுப்பில் ஐஸ், உப்புக் கலவையில் தெர்மாமீட்டரை வைத்தாள். அது பூஜ்யத்தைத் தாண்டி இறங்கி மைனஸ் 12-க்குப் போனது. அவள் கையை உயர்த்திச் சொன்னாள்: “டீச்சர், இந்தத் தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு. வேற குடுங்க.”

வேறு கொடுத்தேன். அதுவும் இறங்கியது. அதுவும் கெட்டது என்றாள். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. உருகுவது என்றாலே சூடு என்று அவளுக்குத் தெரியும். அடுப்பும் வெயிலும் உருக்குவதைப் பார்த்து வளர்ந்தவள். உப்பும் உருக்குகிறது என்றால் உப்பும் சூடுதானே? அவள் சரியாகத்தான் யோசித்திருந்தாள். பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் போனது நான். அன்றைய வகுப்பும் அடுத்த மூன்று வகுப்பும் அந்த ஒரு எண்ணத்தைக் கழற்றவே போயின. புதிதாக ஒன்றைச் சொல்லித் தருவதைவிட, முன்பு நாமே சரி போட்டதைக் கழற்றுவது பல மடங்கு கடினம்.

இப்போது நான் செய்வது இது. நூல் விளையாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் மூன்று தகர டப்பாக்கள். மூன்றிலும் நன்றாக நொறுக்கிய ஐஸ், ஒரே அளவு. ஒன்றில் வேறெதுவும் இல்லை. இன்னொன்றில் மணல். மூன்றாவதில் உப்பு, ஐஸ் மூன்று பங்கு என்றால் உப்பு ஒரு பங்கு. மணல் எதற்கு என்று கேட்பீர்கள். மணல் இல்லாவிட்டால், பொடியாக எதைப் போட்டாலும் இப்படித்தான் ஆகும் என்று பாதி வகுப்பு நினைத்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன், எது மேலே போகும், எது கீழே போகும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் முதலில் சொன்னவர் பின்னால் எல்லோரும் போய்விடுவார்கள். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் ‘உப்பு டப்பா சூடாகும்’ என்றே இருக்கும். அப்புறம் நிமிடத்துக்கு ஒரு முறை அளவு குறிக்கிறார்கள். ஐஸ் மட்டும் உள்ளதும் மணல் உள்ளதும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். உப்பு டப்பா இறங்கிக்கொண்டே போகும். சாதாரண உப்பால் அதிகபட்சம் சுமார் மைனஸ் 21 டிகிரி வரை இறக்கலாம். வகுப்பறையில் மைனஸ் 10-ஐத் தாண்டினாலே போதும். டப்பாவின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். காற்றிலிருந்த நீராவிதான் அது. வெண்பனிக்கு நெருங்கிய சொந்தம் என்று வகுப்பறையிலேயே காட்டக்கூடிய ஒன்று.

காரணத்தைச் சொல்ல நான் மணிகளைப் பயன்படுத்துகிறேன். தரையில் ஒரு கோடு. ஒரு பக்கம் ஐஸ் அணி, மறுபக்கம் தண்ணீர் அணி. நடுவில் ஒரு கிண்ணம் நிறைய மணி. ஐஸிலிருந்து தண்ணீருக்குப் போகிறவர் ஒரு மணியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீரிலிருந்து ஐஸுக்குத் திரும்புகிறவர் ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். பூஜ்யம் டிகிரியில் போகிறவரும் வருகிறவரும் சமம், கிண்ணம் அப்படியே இருக்கும். இப்போது நாலைந்து பேரை உப்பாக்கித் தண்ணீர்ப் பக்கம் கோட்டை ஒட்டி நிறுத்துங்கள். திரும்பி வருகிறவர்களுக்கு வழி குறைகிறது. போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கிண்ணம் காலியாகத் தொடங்கும். அந்த மணிதான் வெப்பம். உருகுவதற்கு வெப்பம் வேண்டும், வெளியிலிருந்து யாரும் தரவில்லை, அதனால் கலவை தன்னிடம் இருப்பதையே எடுத்துச் செலவழிக்கிறது, குளிர்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவுக்கான வெப்பம் அது. சின்ன வகுப்புக்கு இந்த எண் தேவையில்லை, மணி போதும்.

இதற்குப் பிறகு நூல் விளையாட்டைச் செய்தால், நூல் ஏன் ஒட்டியது என்று குழந்தைகளே சொல்வார்கள். உப்பு மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி, சுற்றியிருப்பதைக் குளிர வைத்தது. உருகிய தண்ணீரில் உப்பின் செறிவு குறைந்ததும், அந்தக் குளிரிலேயே நூலைச் சுற்றித் திரும்ப உறைந்துவிட்டது.

இன்னொன்று. அந்த உப்பு டப்பாவுக்குள் விரலை விடவோ, உப்பையும் ஐஸையும் தோலில் வைத்து அழுத்திப் பார்க்கவோ ஒருவரையும் விடாதீர்கள். யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று போட்டி போடத் தோன்றும். தோல் உறைந்து கொப்பளிக்கும். உப்பு சூடு என்று நம்புகிற குழந்தை குளிரால் காயம் வரும் என்று எதிர்பார்க்காது; எரிந்தால்கூட அது உப்பின் சூடு என்றே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தவறு எனக்கு வெறும் பாடப் பிழையாகத் தெரியவில்லை.

உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு)

வேண்டாம்.

ஃப்ரீசரிலிருந்து நேராகக் கைக்கு

ஃப்ரீசரில் சுமார் மைனஸ் 18 டிகிரி. ஈர விரலும் நாக்கும் ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு ஈரமாகிப் பளபளக்கும் வரை வெளியில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

தரைதட்டிய ஐஸ்

மிதக்கும் ஐஸ் உருகினால் கடல்மட்டம் உயருமா, நிலத்தின் மேல் உள்ள ஐஸ் உருகினால் உயருமா என்று இரண்டு பாத்திரங்களில் காட்டும் சோதனை மிக நல்லது. ஒன்றில் ஐஸ் தண்ணீரில் மிதக்க வேண்டும், இன்னொன்றில் கல்மேட்டின் மேல் இருக்க வேண்டும். மிதப்பது உருகினாலும் மட்டம் மாறாது. மேட்டில் இருப்பது உருகினால் ஏறும். ஆர்க்டிக் கடல் ஐஸுக்கும் கிரீன்லாந்து ஐஸுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கிரீன்லாந்தின் ஐஸ் முழுக்க உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும்.

ஆனால் நான் பார்த்த வகுப்பில் மிதக்க வேண்டிய ஐஸ் மிதக்கவில்லை. தண்ணீர் குறைவு, கட்டி பெரிது, அடியில் உட்கார்ந்திருந்தது. உருகியதும் அந்தப் பாத்திரத்திலும் மட்டம் ஏறியது. குழந்தைகள் நேர்மையாக ‘இரண்டிலும் ஏறியது’ என்று எழுதினார்கள். ஆசிரியர் ‘இல்லை, முதலாவதில் ஏறாது’ என்று திருத்தி எழுதச் சொன்னார். கண்ணால் பார்த்ததை அழித்துவிட்டு ஆசிரியர் சொன்னதை எழுதப் பழக்குவதைவிட, அன்றைக்கு அந்தச் சோதனையைச் செய்யாமலே இருந்திருக்கலாம். ஐஸின் சுமார் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள்தான் இருக்கும், அதனால் நீங்கள் நினைப்பதைவிட ஆழமாக ஊற்ற வேண்டும். பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், சுதந்திரமாக அசைகிறதா என்று. அப்புறம் கோடு போடுங்கள்.

பஞ்சும் சவர நுரையும்

அலங்காரத்துக்குச் சரி. குளிராததும் உருகாததும் பனிப் பாடத்துக்கு உதவாது.

பெரிய கட்டி

பொம்மைகளைத் தண்ணீரில் போட்டு உறைய வைத்து, ‘மீட்டெடுங்கள்’ என்று கொடுப்பது குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு லிட்டர் கட்டியாக உறைய வைத்தால் ஒரு பீரியட் முடிந்தும் பொம்மை உள்ளேயே இருக்கும். சின்னக் கிண்ணங்களில் உறைய வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும், கண்ணாடி உடைந்துவிடும்.

மிச்சத்தைக் கொட்டிவிடுவது

மணி அடித்ததும் எல்லா டப்பாவையும் கழுவிவைக்கத்தான் கை போகும். உப்பு டப்பாவை மட்டும் விட்டுவையுங்கள். அதிலிருந்து ஒரு கரண்டி தண்ணீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தால், சில நாளில் காய்ந்து உப்பு திரும்பி வந்திருக்கும், சின்னச் சின்னச் சதுரங்களாக. போன ஆண்டு ஒரு பையன் காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அந்தத் தட்டுக்குப் போனான். ஒரு படிகத்தை விரல் நுனியில் எடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

“டீச்சர், இது சுடவே இல்ல,” என்றான்.