மிட்செல் மலை உச்சியில் கூடாரமிட்டுத் தங்குவது எப்படி?

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள சிகரங்களில் மிக உயரமானது, வட கரோலினாவின் மிட்செல் மலை. 6,684 அடி உயரமுள்ள இதன் உச்சியைச் சுற்றி அமைந்திருப்பது அம்மாநிலத்தின் முதல் மாநிலப் பூங்காவாகும். சரிவுகளில் மரங்கள் வரைமுறையின்றி வெட்டப்படுவதைக் கண்டு வருந்திய ஆளுநர் லாக் கிரேக் எடுத்த முயற்சியால் 1915-இல் இது உருவானது. உச்சிக்குச் சற்றுக் கீழே வரை காரிலேயே செல்லலாம் என்பதால் பலர் இதை ஒரு சாதாரணச் சுற்றுலா இடமாக எண்ணி வந்துவிடுகிறார்கள். இரவு தங்க விரும்புவோர் அப்படி எண்ணக்கூடாது.

முதலில் செய்ய வேண்டியது முன்பதிவு. கூடாரமிடுவதற்கு இங்கே ஒன்பது இடங்கள் மட்டுமே உள்ளன. கோடைக்கால வார இறுதிகளிலும், இலைகள் நிறம் மாறும் அக்டோபரிலும் அவை விரைவாக நிரம்பிவிடும். முடிந்தால் வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காரை நிறுத்திவிட்டுப் பொருட்களைக் கையில் சுமந்து செல்ல வேண்டியிருப்பதால், பெரிய பெட்டிகளைத் தவிர்த்து முதுகுப்பைகளில் அடுக்கிக்கொள்வது நல்லது. மின்சாரம், வெந்நீர், குளியலறை ஆகிய வசதிகள் இல்லை.

புறப்படும் முன் பாதையைப் பற்றி விசாரிப்பது அவசியம். ஆஷ்வில் நகரிலிருந்து புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலை வழியாக வந்து, அதன் 355-ஆம் மைல்கல்லின் அருகே பிரியும் 128-ஆம் எண் சாலையில் ஏற வேண்டும். 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயல் இப்பகுதிச் சாலைகளையும் பூங்காவையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. பனிக்காலத்திலும் பார்க்வே அடிக்கடி மூடப்படும். ஆகவே பூங்கா, பார்க்வே இரண்டின் அதிகாரபூர்வ அறிவிப்புகளையும் கிளம்பும் நாளன்று மீண்டும் பார்த்துவிடுங்கள். பார்க்வேயில் பெட்ரோல் நிலையங்கள் கிடையாது என்பதால் நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இரவில் பூங்கா வாயில் பூட்டப்படும். வெளிச்சம் இருக்கும்போதே சென்று கூடாரத்தை எழுப்பிவிடுவது எல்லா வகையிலும் பாதுகாப்பானது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது குளிருக்குத்தான். ஆஷ்வில் வெயிலில் காயும் ஜூலை மாதத்திலும் உச்சியில் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இரவில் காற்றும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால், பருத்தி உடைகள் ஈரத்தை உறிஞ்சி உடலை நடுங்கவைக்கும். கம்பளி அல்லது ஃபிளீஸ் மேலாடை, காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட், உறைநிலையைத் தாங்கும் உறக்கப்பை, தரைக்குளிரைத் தடுக்கும் பாய் ஆகியவற்றை எந்த மாதத்திலும் விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை கூடுதலாக இருக்கட்டும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் வேக வெகுநேரம் ஆகும். சிறிய பிரஷர் குக்கர் ஒன்று இங்கே உண்மையாகவே பயன்படும். கருங்கரடிகள் நடமாடும் காடு என்பதால், உணவையும் குப்பையையும் பற்பசையையும்கூடக் கூடாரத்துக்குள் வைக்காமல் காரில் பூட்டிவையுங்கள்.

இங்கே தங்குவதன் உண்மையான பயன், பகல்நேரக் கூட்டம் வருமுன் உச்சியில் நிற்க முடிவதுதான். வாகன நிறுத்தத்திலிருந்து பார்வை மேடைக்குச் செல்லும் பாதை குறுகிய தூரமே என்றாலும் செங்குத்தானது, நிதானமாக ஏறுங்கள். மேடையின் அருகே எலைஷா மிட்செலின் கல்லறை உள்ளது. 1835-இல் இம்மலையின் உயரத்தை அளந்த அந்தப் பேராசிரியர், தம் கணக்கை மறுத்தவர்களுக்கு விடையளிக்க 1857-இல் மீண்டும் வந்தபோது அருவியொன்றில் விழுந்து உயிரிழந்தார். சற்று நேரம் அங்கே நின்று வரவேண்டும் என்பது என் வேண்டுகோள். நடக்க வலுவுள்ளவர்கள், ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலுள்ள கிரேக் மலைக்கும் சென்று வரலாம். பாறைகள் வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். கனடாவின் காடுகளை நினைவூட்டும் ஸ்ப்ரூஸ், ஃபிரேசர் ஃபர் ஆகிய ஊசியிலை மரங்கள் அமெரிக்காவின் தென்பகுதியில் இத்தகைய உயரங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி 1957-இல் இங்கே கண்டறியப்பட்டது. அது முதிர்ந்த ஃபர் மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. வெளியூர் விறகில் பிற பூச்சிகளும் ஒளிந்து வரக்கூடும். ஆகையால் வீட்டிலிருந்து விறகு கொண்டுவராமல், பூச்சிகள் அழியும்படி வெப்பப்பதம் செய்யப்பட்ட விறகையே வாங்குங்கள். பாதையை விட்டு விலகி இளங்கன்றுகளை மிதிக்காதீர்கள்.