உறை கிழிந்த செல்லும் வேறு சில விபரீதங்களும்: வேப் பேட்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேப் (மின்சிகரெட்) சாதனம் புதிதாக வாங்கியவர்கள் சூடேறும் கம்பிச்சுருளான காயிலைப் பற்றிக் கேட்கிறார்கள், அது ஆவியாக்கும் லிக்விடைப் பற்றிக் கேட்கிறார்கள். பேட்டரியைப் பற்றி வாயே திறப்பதில்லை. சாதனத்தை வாங்கித் திறந்து பார்த்தால், நாங்கள் ஆரம்பித்த காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஆளாளுக்குச் செய்த அதே தவறுகள் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீரில் போடாதே, வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். இங்கே பேசப்போவது கழற்றி மாற்றக்கூடிய 18650 வகை செல்களை, அதாவது உருளை வடிவ லித்தியம் பேட்டரிகளைப் பற்றி.

கிழிந்த உறை

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் பொறுக்கவே முடிவதில்லை.

செல்லைச் சுற்றியிருக்கும் வண்ணப் பிளாஸ்டிக்கைப் பலரும் லேபிள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் காப்பு. 18650 செல்லின் அடிப்பாகம் மட்டும் நெகட்டிவ் இல்லை; பக்கவாட்டுத் தகரம், மேலே உள்நோக்கி வளையும் தோள்பட்டை எல்லாமே நெகட்டிவ். பாசிட்டிவ் என்பது உச்சியின் நடுவில் இருக்கும் சின்ன வட்டம் மட்டுமே. அந்த வட்டத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதன்மேல் இருப்பவை ஒரு மெல்லிய வளையமும், மடிந்து நிற்கும் உறையின் விளிம்பும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஒருமுறை தெரிந்த தம்பி ஒருவர், மோட் (செல் போடும் வேப்பின் உடல்பகுதி) சூடாகிறது என்று கொண்டுவந்தார். இரண்டு செல் போடும் வகை. மூடியைத் திறந்து செல்லை வெளியே எடுத்தேன். தோள்பட்டை ஓரத்தில் நகம் வெட்டிப்போட்ட அளவுக்கு உறை பிய்ந்து, உள்ளே வெள்ளி நிறத்தில் தகரம் தெரிந்தது. அதே இடத்துக்கு நேரே, பேட்டரி அறையின் உலோகச் சுவரில் கருகிய புள்ளி ஒன்று. “அது சும்மா ஸ்டிக்கர்தானே அண்ணா, கழற்றி மாட்டும்போது கிழிந்தது” என்றார். கிழிந்து ஒரு மாதமாகிறதாம்!

இரண்டு செல்லைத் தொடராக இணைக்கும் மோடில் ஒரு செல் நேராகவும் மற்றது தலைகீழாகவும் நிற்கும். முதல் செல்லின் பாசிட்டிவ், இரண்டாவது செல்லின் நெகட்டிவோடு சேர்கிறது. அப்படியானால் இரண்டாவது செல்லின் தகர உடல் முழுக்க முதல் செல்லின் பாசிட்டிவ்தான் என்று அர்த்தம். மோடின் உலோகக் கூடோ பெரும்பாலும் நெகட்டிவோடு இணைந்திருக்கும். உறை கிழிந்த இடம் கூட்டைத் தொட்டால் முதல் செல் நேரடியாக ஷார்ட் ஆகும். சாதனத்தில் எத்தனை பாதுகாப்பு இருந்தாலும் பயனில்லை; மின்னோட்டம் அந்த சர்க்யூட் வழியாகவே போவதில்லை.

நல்ல செல்லின் உள்மின்தடை 20 மில்லி ஓம் அளவுக்குத்தான் இருக்கும். நேரடி ஷார்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல்கூடப் பாயும். உள்ளே வெப்பம் ஏறி 130 டிகிரியை நெருங்கினால், இரு மின்வாய்களையும் பிரித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் சவ்வு உருக ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் வெளியே ஷார்ட்டை நீக்கினாலும் பிரயோஜனமில்லை, செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அது வாயுவாகி வெளியேற வழியில்லாத உலோகக் குழாய்க்குள் அடைபட்டால் வெடிக்கும். அதை நாம் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் மருந்து மிகச் சாதாரணம். 18650க்கென்றே சுருங்கும் பிளாஸ்டிக் உறையும் வளையமும் விற்கிறார்கள். பழைய உறையை நகத்தால் உரியுங்கள்; பிளேடு வேண்டாம், அதன் நுனி வட்டத்தையும் தோள்பட்டையையும் சேர்த்துத் தொட்டால் அங்கேயே ஷார்ட். புது வளையத்தை மேலே வைத்து, உறையை மாட்டி, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சுற்றிக் காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். ஒரே இடத்தில் நிறுத்திச் சுடவைக்காதீர்கள். புது உறையின் மேல் செல்லின் மாடல் பெயரை எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் எது எதுவென்று தெரியாது. செல்லோ டேப் ஒட்டுவது வைத்தியமே இல்லை. சூட்டில் பசை இளகி நழுவிவிடும். தகரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் உறை மாற்றியும் பயனில்லை, அந்த செல்லை ஒதுக்கிவிடுங்கள்.

பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது

எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்பது எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. பானாசோனிக்கின் என்.சி.ஆர்.18650பி சுமார் 3400 எம்.ஏ.எச்., ஆனால் தொடர்ந்து தரக்கூடியது 7 ஆம்பியருக்கும் கீழே. சாம்சங் 25ஆர் 2500 எம்.ஏ.எச்.தான், 20 ஆம்பியர் தரும். கணக்கு எளிது: முழு சார்ஜில் 4.2 வோல்ட், காயில் 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். இது சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மோடுக்கு. வாட் வைக்கும் மோடில் கணக்கு வேறு. ஒற்றைச் செல்லில் 60 வாட் வைத்தால், சார்ஜ் குறைந்து 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது இழப்பையும் சேர்த்து 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். உறையில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஆம்பியர் பல நேரம் சில நொடிகளுக்கான உச்ச அளவு. தொடர் மின்னோட்டம் எவ்வளவு என்று தேடிப் பார்த்து வாங்குங்கள்.

18650 அளவில் 9900 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் போலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய செல் நிறுவனங்கள் இவற்றைப் பாதுகாப்பு சர்க்யூட் உள்ள பேட்டரி பேக்குகளுக்காகத்தான் செய்கின்றன. தனியாக விற்கவோ வேப்பில் போடவோ அல்ல என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அதனால் வெற்றுச் செல்லை வாங்கும்போது, அந்த சர்க்யூட் பார்க்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

மெக்கானிக்கல் மோடில் ஆரம்பிப்பது

வேண்டாம். சில வகைகளில் அட்டாமைசரின் (காயில் இருக்கும் மேல்பகுதி) நடுமுள் நேராகச் செல்லின் தலையிலேயே உட்காரும். முள் போதுமான அளவு வெளியே நீட்டவில்லையென்றால் சுற்றியிருக்கும் மரை செல்லைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். ஓம் கணக்கு கைவந்த பிறகு பார்க்கலாம்.

சாவி இருக்கும் பையில் செல்லைப் போடுவது

பிளாஸ்டிக் கேஸ் வாங்குங்கள். இன்றே.

ஜோடியைக் கலைப்பது

இரண்டு செல் மோடுக்கு ஒரே மாடலில், ஒன்றாக வாங்கிய இரண்டு. சேர்ந்தே சார்ஜ், சேர்ந்தே ஓய்வு. ஒன்று பலவீனமானால் இன்னொன்று அதை அளவுக்குமீறி வடித்துவிடும்.

தூங்கும்போது சார்ஜ்

கழற்றக்கூடிய செல்லைத் தனி சார்ஜரில் போடுங்கள், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், மெத்தைக்கும் சோபாவுக்கும் தள்ளி. சார்ஜ் ஆகும்போது கையில் பிடிக்க முடியாத அளவு சூடானால் அந்த செல்லின் ஆயுள் முடிந்தது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே வெகுநாள் கிடந்த செல்லுக்கு உயிர்கொடுக்க முயலாதீர்கள்.

பழைய செல்லைக் குப்பையில் எறிவது

இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். காலியாகிவிட்டது என்று நாம் நினைக்கும் செல்லில்கூடத் தீப்பற்றவைக்கப் போதுமான சார்ஜ் மிச்சம் இருக்கும்.