சண்டையைக் கேட்காதீங்க, விளக்கைக் கேளுங்க

நான் சேலத்துல கல்யாண வீடியோ எடுக்கிறவன். இலங்கைப் போர்க்காலத்துல சாதாரண சனம் எப்படிப் பிழைச்சதுன்னு ஆவணப்படம் எடுக்க ஆசைப்பட்டு, பக்கத்துல இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குப் போனேன். கேமராவோட சும்மா நுழைய முடியாது. கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். நாலு நடை ஆச்சு.

முதல் நாள், முகாம்ல ஒரு அம்மாகிட்ட, "சண்டையில என்னம்மா நடந்துச்சு?"ன்னு கேட்டேன். பேப்பர்ல வந்ததையே அந்தம்மா ஒப்பிச்சாங்க. மறுநாள், "கரண்ட் இல்லாம ராத்திரி என்ன பண்ணீங்க?"ன்னு மாத்திக் கேட்டேன். உடனே எழுந்துபோய் ஒரு காலி ஜாம் போத்தல் கொண்டுவந்தாங்க. அடியில பஞ்சு, சைக்கிள் வால்வுக்குள்ள திரி. அதுதான் விளக்கு, ஏத்தியும் காட்டினாங்க. "மண்ணெண்ணெய்க்குத் தடை தம்பி. பஞ்சு நனையிற அளவுதான் விடுவம்." 1990கள்ல யாழ்ப்பாணத்துல பொருளாதாரத் தடை இருந்த காலம். ரேடியோவுக்குப் பேட்டரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவுத்து வச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவுல நியூஸ் கேட்டிருக்காங்க.

அதனால பொருளைக் கேளுங்க. கேமரா முகத்துல நிக்க வேணாம், கையில நிக்கட்டும். பங்கரைப் (பதுங்குகுழி) பத்திப் பேச்சு வந்தா தரையில வரையச் சொல்லுங்க. அந்தம்மா குச்சியால 'ட' போட்டாங்க: நேரா வெட்டினா ஷெல் துண்டு உள்ள பாயுமாம்.

வரைஞ்சிட்டிருக்கும்போதே தூரத்துக் கல்குவாரியில வெடி வச்சாங்க. குச்சி நின்னுச்சு. தோள் சுருங்கிடுச்சு. எடிட்டருக்கு அல்வா மாதிரி ஷாட். வைக்கலாமான்னு கேட்டேன், வேண்டாம்னாங்க. வைக்கலை. குவாரி வெடி நேரத்தை முன்னாடியே விசாரிச்சிருக்கணும், என் தப்பு.

சவுண்டுக்குக் காலர் மைக் போதும். ஆனா நம்மூர் விசைத்தறிச் சத்தம் விடாது, தறி நிக்கிற நேரம் பாத்துப் போங்க. ஆள் எழுந்து போனப்புறம் காலி வீட்டோட சத்தத்தை ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க, எடிட்டிங்ல உதவும். நெட்டுல கிடைக்கிற குண்டுவீச்சு வீடியோ, சோக வயலின் ரெண்டையும் தொடாதீங்க. சொந்தக்காரங்க இன்னும் இலங்கையில இருந்தா முகம் வேணாம்பாங்க, குரல் மட்டும் போதும்.

முதல் எடிட்டை முகாம்லதான் போட்டுக் காட்டணும். அந்தம்மா சொன்ன ஒரே குறை: "திரியைக் கூடுதலா இழுத்திட்டன் தம்பி, புகையடிக்குது. திரும்ப எடுங்கோ."

எடுத்தோம்.